ஒன்றுகூடப் புதுச் சரக்கில்லை

9 ஜனவரி

அன்புள்ள சிட்டு,

எனக்கு முழங்கால் வலி, உன் அண்ணிக்கு முணுமுணுப்பு. இரண்டும் பழையபடியே இருப்பதால் நாங்கள் சௌக்கியம் என்று எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

பெட்டியை நேற்று லாரி ஆபீசில் ஏற்றிவிட்டேன். மூன்று பக்கமும் சிவப்பு மையில் "உள்ளே கண்ணாடி, கவிழ்க்காதே" என்று எழுதினேன். நாலாவது பக்கத்தை அண்ணி கேட்டாள். "எட்டு மாசமா என் புருஷன் என்னை விட்டுட்டு இதுகூடத்தான் குடும்பம் நடத்தினாரு, பாத்து எறக்குங்கன்னு எழுதட்டுமா?" என்றாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

உங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு, இசைத்தட்டுக் கேட்க ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று ஆரம்பித்தது. நாள் போன வாரமே போய்விட்டது. பகலெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை, வீட்டுக்கு வந்துதான் இது. மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஒரு விஷயத்தைப் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பெரிய டிரான்ஸ்பார்மர், மூடிப்போன சினிமா தியேட்டரின் ஒலிப்பெட்டியில் இருந்தது. வால்வுகள் ஒரு வானொலி நிலையம் ஏலம் விட்ட அட்டைப்பெட்டியில் முத்திரை உடையாமல் கிடைத்தவை. கண்டென்சர்கள் உடைத்துப்போட்ட ஒரு கப்பலின் ரேடியோ அறையில் கிடந்தவை, எண்ணெய் நிரப்பியவை, பித்தளை மூடியோடு. ஒயர்கூட அந்தக் காலத்துத் துணி சுற்றிய ஒயர். பற்றவைத்த ஈயத்தைத் தவிர இதில் ஒன்றுகூடப் புதுச் சரக்கில்லை. இப்போது கடையில் விற்கிற ஆம்ப்ளிஃபயரையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் மாப்பிள்ளைக்கே புரியும்.

பயணத்தில் குலுங்கியிருக்கும். "உம்ம்" என்று அடியில் ஒரு ஓசை வந்தால் பயப்பட வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடித்தகட்டைக் கழற்றச் சொல். உள்ளே பெரிய கண்டென்சர் பக்கத்தில் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் ஒரு திருகு இருக்கும். அதை ஒரு சுற்று இறுக்கினால் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி, குழந்தைகூடத் தொடலாம். பல் செட் கட்டி, பல்லுக்குப் பல் இடைவெளி பார்க்கிற மாப்பிள்ளை கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

கேட்டுவிட்டு எழுது. காத்திருக்கும்,
அண்ணன்


28 ஜனவரி

அன்புள்ள அண்ணா,

முழங்காலையும் முணுமுணுப்பையும் விசாரித்ததாகச் சொல். இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

பெட்டி வந்துவிட்டது. தூக்கிவந்த இருவரில் ஒருவர், "உள்ள என்னம்மா, பாறாங்கல்லா?" என்று கேட்டார். முன்னறை முழுக்க அவருடைய பல் வேலை: ஜன்னலோரம் மேசை, மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, சுவர் பலகையில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள். அங்கே இடமில்லை. அதனால் நடு அறையில், இசைத்தட்டு அடுக்கியிருக்கும் கண்ணாடிக் கதவு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

வால்வுகள் மெதுவாகச் சிவந்து வந்தபோது அவர் அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இசைத்தட்டை வைத்தேன். பாட்டு தொடங்குவதற்கு முன் என் கையைப் பிடித்து இழுத்தார். "பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்கறாங்க, கேட்டியா? இத்தனை வருஷம் இது எங்க இருந்துச்சு?" என்றார். பல்லைத் தவிர வேறொன்றுக்காக அவர் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நீ சொன்னபடியே மூன்று நாளாக அந்த "உம்ம்" வருகிறது. வருகிற ஞாயிறு பார்க்கிறேன் என்றிருக்கிறார். உன் கடிதத்தைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். கீழே அவருக்கு இடம் விட்டிருக்கிறேன், வழக்கம்போல.

அன்புத் தங்கை,
சிட்டு

மச்சானுக்கு வணக்கம். புதுப் பல் செட் மாட்டிக்கொண்டவர்கள் முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று காரணமில்லாமல் சிரிப்பார்கள். இரண்டு வாரமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். உங்களுக்கு எப்போது பல் விழுந்தாலும் வரிசையில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வரலாம்.


15 பிப்ரவரி

அன்புள்ள சிட்டு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை எழுதிய நாலு வரியை அண்ணிக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன். "பல்லு விழறதுக்கு ஒருத்தர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல" என்கிறாள்.

அந்த மூச்சு! அதைத்தான் நான் எட்டு மாதம் தேடினேன். அவர் அதைக் கேட்டுவிட்டார் என்றால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். நான் பார்க்கும் லிஃப்ட் ஒன்றில் தினமும் ஏறும் கண் டாக்டர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். தகடு வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"உம்ம்" போய்விட்டதா? திருகை இறுக்கியபின் கீழ்ஸ்தாயி எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளையையே எழுதச் சொல்.

உன் பதிலுக்கு,
அண்ணன்


2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலமா? பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் வேலைக்கு மேல் வேலை.

அலமாரியின் கண்ணாடிக் கதவு உடைந்துவிட்டது. அவர் கையில் கொஞ்சம் கீறியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆறிக்கொண்டு வருகிறது. இப்போது அந்த "உம்ம்" சத்தம் அறவே இல்லை.

இங்கே வெயில் ஏறிவிட்டது. முன்னறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன், கொஞ்சம் தடித்த துணி. பிளாஸ்டர் கலக்க நான் கற்றுக்கொண்டேன் தெரியுமா? தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இது தெரியாது.

அவர் வெளியே போயிருக்கிறார். விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

சிட்டு


20 ஏப்ரல்

அன்புள்ள சிட்டு,

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடிக் கீறலுக்கு ஊசி போட்டீர்களா? மாப்பிள்ளையை அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று சொல்.

போனில் கூப்பிட்டேன். "எல்லாம் நல்லா இருக்கோம்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாய். மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார், பின்னால் அவர் இருமியது கேட்டது. உன் கடிதத்தின் கீழே அவர் ஒரு வரி எழுதாமல் இந்த இருபது வருஷத்தில் ஒன்று வந்ததில்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? பெட்டி பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். முகஸ்துதிக்காக நான் செய்யவில்லை. (முகஸ்துதியும் வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.)

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வருகிறது. அண்ணியின் முன்பல் ஒன்று கதவில் இடித்து உடைந்துவிட்டது. இங்கே பல் டாக்டரிடம் அச்சு எடுத்து அனுப்பியிருக்கிறேன். வேறு யாரிடமும் செய்துகொள்ள மாட்டாளாம். "அவரு பண்ணிக் குடுத்த பக்கத்துப் பல்லு பன்னெண்டு வருஷமா ஆடாம நிக்குது" என்கிறாள். அவசரமில்லை.

மாப்பிள்ளையின் ஒரு வரிக்காக,
அண்ணன்


11 ஜூன்

அன்புள்ள அண்ணா,

அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படியே.

அண்ணியின் பல்லை இதோடு அனுப்பியிருக்கிறேன். அவர்தான் செய்தார். தாமதத்துக்குக் காரணம் வேலை அதிகம். பொருத்தம் சரியில்லை என்றால் அங்கே டாக்டரையே கொஞ்சம் தேய்த்துக்கொள்ளச் சொல்.

நீ எதுவும் தப்பாக எழுதவில்லை. கண்டதையும் யோசித்துக்கொண்டிருக்காதே. கண் டாக்டரின் பெட்டி முடிந்ததா?

சிட்டு


24 ஜூன்

சிட்டு,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நீங்கள் இல்லை என்று தெரிகிறது.

அண்ணி பல்லைப் பஞ்சிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாட்டிக்கொள்ளக்கூட இல்லை. "இது அவரு கையில்ல" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். "அவரு பண்ற பல்லுல ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு விடுவாரு, கொஞ்சம் மஞ்சளும் சேப்பாரு, நம்ம வயசுக்கு. இது கோப்பை மாதிரி வெள்ள வெளேர்னு இருக்கு. அங்க என்னமோ ஆயிருக்கு, நீங்க வால்வைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். நீ பிளாஸ்டர் கலக்குகிறாய். முன்னறைக்குத் தடித்த திரை போட்டிருக்கிறாய். ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் அவர் ஒரு நாளும் வேலை செய்ததில்லையே.

நேராகக் கேட்கிறேன். கண்ணாடி எந்தக் கையில் கிழித்தது? எப்படி உடைந்தது? "உம்ம்" சத்தம் இல்லை என்றாயே, பெட்டி ஓடுகிறதா?

அண்ணன்


6 ஜூலை

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து படி. அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

வலது கை. பிப்ரவரி நாலாம் தேதி, ஞாயிறு காலை. உன் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்து, மேலே ஒரு பிளாஸ்டர் தாடையைப் பாரமாக வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் செய்தார். அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், அடித்தகட்டைக் கழற்றித் திருகை இறுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. தகட்டை மாட்டாமலே பெட்டியை நிமிர்த்தி, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். உடனே, "இன்னும் அரைச் சுத்து போகும்போல" என்று அணைத்துவிட்டார். வால்வு சிவக்கக்கூட இல்லை. அன்று மதியம் என் நாத்தனார் வீட்டார் வருவதாக இருந்தது. நான்தான், "சீக்கிரம் முடிச்சுட்டு எந்திரிங்க, எல்லாம் நடு வீட்ல கெடக்கு" என்றேன். பிளக்கைப் பிடுங்கி என்னிடமே கொடுத்தார், அண்ணா. அது என் கையில் இருந்தது. அவர் பெட்டியைச் சாய்த்து உள்ளே கை வைத்தார்.

ஒரு சத்தம், சவுக்கால் அடித்த மாதிரி. கை பின்னால் தெறித்துப்போய் அலமாரிக் கதவுக்குள் போனது. கண்ணாடி மணிக்கட்டை அறுத்துவிட்டது. பிளக்கைக் கையில் பிடித்தபடியே நான் கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு முறை ஆபரேஷன் ஆயிற்று. நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இருக்கின்றன, ஆனால் அவருக்கு அவை இருப்பது தெரிவதில்லை. மெழுகுக் கத்தியைப் பிடிப்பார். நழுவி விழுவது சத்தம் கேட்டுத்தான் தெரியும். பேனாவும் அப்படியே. வருகிற வேலையை எல்லாம் இன்னொரு பட்டறைக்காரர் செய்து தருகிறார். பல் அவர் செய்தது என்று உனக்கு நான் சொன்னது பொய்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவரே, "மச்சானுக்கு எழுதாத, அந்த மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். கரண்ட் என்றால் அப்படித்தான், யாரைக் குற்றம் சொல்ல முடியும்? நான் அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உடனே கிளம்பி வந்துவிடாதே. அந்தக் கையை யாராவது பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைப் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். யாரும் தொடவில்லை.

சிட்டு


19 ஆகஸ்ட்

அன்புள்ள சிட்டு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது? இருந்தாலும் கேட்கிறேன். மாப்பிள்ளை கை எப்படி இருக்கிறது?

ஆறு வாரம் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் "மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் நீ நம்பியிருப்பாய். அதனால்தான் கிழித்தேன்.

நீ அவசரப்படுத்தியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

கண்டென்சர் என்பது மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற தொட்டி. பிளக்கைப் பிடுங்கினாலும் தொட்டியில் இருப்பது இருக்கும். வால்வுகள் நன்றாகச் சூடேறியிருந்தால் அவையே அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். மாப்பிள்ளை முதல் தடவை கை வைத்தபோது ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதுதான். இரண்டாம் தடவை, போட்ட உடனே அணைத்தார். தொட்டி நிறைந்துவிட்டது, உறிஞ்ச வால்வு சூடாகவில்லை. இந்த மாதிரி சமயத்துக்காகவே தொட்டிக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போடுவார்கள். அணைத்த சில நொடியிலேயே எல்லாவற்றையும் வடித்துவிடும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஆம்ப்ளிஃபயர் கட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம்.

எனக்கும் தெரியும். என்னிடம் இருந்த பழைய ரெசிஸ்டரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், செத்துப்போயிருந்தது. புதியது எங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கும். வாங்கியும் வந்தேன். அந்தப் பித்தளை மூடிகளுக்கும் துணி ஒயருக்கும் நடுவில் அதைப் பிடித்துப் பார்த்தேன். பளபளவென்று, பொம்மைக் கடைச் சாமான் மாதிரி இருந்தது. அது ஒன்றைப் போட்டுவிட்டால் "ஒன்றுகூடப் புதுச் சரக்கில்லை" என்று உனக்கு எழுத முடியாது. எடுத்து டப்பாவில் போட்டுவிட்டேன். வால்வே வடித்துவிடும், இது வெறும் கூடுதல் பாதுகாப்புத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தைகூடத் தொடலாம் என்று உனக்கு எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் எழுதினேன்.

லிஃப்ட்டில் ஒரு போல்ட் குறைந்தால் ஆளை ஏற்றவிடாமல் வாசலில் குறுக்கே நிற்பவன் நான். முப்பது வருஷமாக அதற்குப் பெயரெடுத்தவன்.

அண்ணியிடம் சொன்னேன். எழுந்து போய், அந்தப் பல் பொட்டலத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அதன்பிறகு என்னிடம் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். நான் காட்டச் சொல்கிறேன்.

அண்ணன்


8 செப்டம்பர்

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஒரு வாரம் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு அவருக்குப் படித்துக் காட்டினேன். முன்னறையில், மேசைக்கு எதிரே உட்கார்ந்து முழுதும் கேட்டார். "அந்தப் பேனா நின்ன எடத்த இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தன வீட்ல இருக்கு?"

அதற்கு மட்டும் பதில் எழுது.

என்னைப் பற்றி: நான் அவசரப்படுத்தியதால்தான் என்று ஆறு மாதம் செத்துக்கொண்டிருந்தேன். உன் மனம் நோகக்கூடாது என்று பொய்க்கு மேல் பொய் எழுதினேன். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. போகும் என்று மரியாதைக்குக்கூட எழுத முடியவில்லை.

சிட்டு


27 அக்டோபர்

அன்புள்ள சிட்டு,

மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில்: நாலு வீடு. அவர் கேட்கும்வரை அந்த நாலு வீடும் என் நினைவிலேயே இல்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்.

இந்த நாலுக்கும் முன்னால், முதன்முதலில் கட்டிய இரண்டில் ரெசிஸ்டர் உண்டு. உயிருள்ள பழைய ரெசிஸ்டர்கள் தீர்ந்தபின் கட்டிய எதிலும் இல்லை. கண் டாக்டருடையது பாதியில் நிற்கிறது. கட்டித் தர முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் பேக்கரிக்காரர் வீடு. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நாலு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்றார். மாப்பிள்ளையின் கையைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அங்கேயே உட்கார்ந்து ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டு வந்தேன்.

கணக்கு வாத்தியார் கதவைத் திறந்தபடியே நிற்கவைத்துக் கேட்டார். "தெரியாம விட்டீங்களா, தெரிஞ்சே விட்டீங்களா?" தெரிந்தே என்றேன். "அப்ப சரி பண்ண வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். அங்கே லிஃப்ட் கிடையாது.

புத்தகம் பைண்டிங் செய்கிறவர் என்னைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். "உங்க கைவேலையைப் பாக்கறதுக்காகவே ரெண்டு தடவை அடித்தகட்டைக் கழட்டினேன் சார், பொண்ணுக்கும் காட்டினேன்" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

நாலாவது, நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். விசாரித்துக் கண்டுபிடித்தேன். சாமான்களோடு சேர்த்துப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டாராம். கடைக்காரருக்கு, அதை ஒரு வேன்காரர் வாங்கிப் போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் விற்கிறவராம். எந்த ஊருக்கும் போயிருக்கலாம், உங்கள் பக்கம்கூட.

இங்கே பேப்பரில் ஒரு விளம்பரம் கொடுத்தேன். அதன் நறுக்கு இதோடு இருக்கிறது. பெட்டியின் படமும் என் பெயரும் விலாசமும் போட்டு, "நான் கட்டிய இந்த ஆம்ப்ளிஃபயரில் பாதுகாப்புக்கு வேண்டிய ஒரு பாகத்தை வேண்டுமென்றே போடாமல் விட்டேன். ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டிருக்கிறது. வைத்திருப்பவர் அணைத்த பிறகும் திறக்க வேண்டாம், எனக்குத் தெரிவிக்கவும்" என்று எழுதினேன். பேப்பர் ஆபீசில் அதை வாங்கிக்கொண்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வேண்டுமென்றேங்கிற வார்த்தையை எடுத்துடலாமே சார்" என்றார். இருக்கட்டும் என்றேன்.

லிஃப்ட் கம்பெனி மேனேஜரும் பேப்பர் படிப்பவர்தான். பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

இதுவரை விளம்பரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணி இப்போது கொஞ்சம் பேசுகிறாள். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்றுதான்.

அண்ணன்


3 டிசம்பர்

அண்ணா,

குளிர் ஆரம்பித்துவிட்டது. அவருக்குக் குளிரில் கை வலிக்கிறது. மற்றபடி இருக்கிறோம். அண்ணிக்கு என் அன்பு.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டி, நறுக்கையும் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பிப்ரவரிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் தனியாக வெளியே போனதில்லை. மதியம் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் பேப்பரில் பார்த்தேன். உன் விளம்பரம், நீ எழுதிய அதே வார்த்தைகள். கீழே விலாசம் மட்டும் எங்களுடையது.

"எதுக்கு?" என்று கேட்டேன். "வேன்காரன் இந்தப் பக்கமும் வந்திருக்கலாம்னு எழுதியிருக்காரே" என்றார். அவ்வளவுதான்.

நேற்று ஒருவர் வந்தார். சைக்கிள் பின்னால் ஒரு பழைய ரேடியோவைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், பெட்டிக் கடைக்காரராம். அது நீ கட்டியது இல்லை, சாதாரண வால்வு ரேடியோ. இவர் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். வந்தவரை முன்னறையில் உட்காரவைத்து, திரையை விலக்கிவிட்டு, தன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். அந்தக் கையை அவராக யாருக்கும் காட்டியதில்லை. கண்டென்சர் என்றால் தொட்டி மாதிரி என்று ஆரம்பித்தார். நீ எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார். "அணைச்சாலும் தொடாதீங்க. நானே போட்டேன், நானே பிடுங்கினேன், அப்படியும் ஆச்சு" என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

போகும்போது அந்த மனிதர், "இதக் கட்டினவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மச்சான்" என்றார்.

உன்னை வரச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால் நானும் இரண்டையும் எழுதவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

சிட்டு